சொற்கோட்டையின் உத்தரவாதப் பற்கள்

சொற்கோட்டை என்று ஒரு நாடு. வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. அந்த நாட்டில் காகிதத்துக்கு மதிப்பில்லை, வாய்க்குத்தான் மதிப்பு. படிக்கத் தெரியாத ஏழையை எழுத்தர்கள் ஏய்த்துவிடக் கூடாதென்று எந்தக் காலத்திலோ ஒரு நல்ல ராஜா சட்டம் போட்டு வைத்திருந்தார்: குறையுள்ளவர் தானே வந்து, தன் வாயால், தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, இருக்கிற ராஜா வேண்டுமா வேண்டாமா என்று மக்களைக் கேட்பார்கள். அதற்கும் வாய்தான். வேண்டும் என்பவர் மேடை முன்னால் சும்மா நின்றாலே போதும். வேண்டாம் என்பவர் ஏன் வேண்டாம் என்று முழுசாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நல்ல சட்டம்தான், வாய் நன்றாக இருந்தவரைக்கும்.

அந்த நாட்டில் தமுக்கு அடித்து அரண்மனைச் செய்தி சொல்பவர் அங்கமுத்து. அவர் இரண்டு தட்டுத் தட்டி, "இதனால் சகலமானவர்களுக்கும்" என்று ஆரம்பித்தால், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பெண்கள் வாசலை விட்டு நகர மாட்டார்கள். அப்படி ஒரு வெண்கலத் தொண்டை. அவர் மனைவி வீராயி அவருக்கும் ஒரு படி மேலே. வறுத்த பட்டாணியைக் கடகடவென்று கடித்துக்கொண்டே பேசுவாள், ஒரு சொல் சிதறாது. போன தேர்தலில் ஒரு வாக்கியம் கேட்ட இடத்தில் ஒன்பது வாக்கியம் சொன்னாள். மேடையில் இருந்தவர், "போதும் தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அந்தத் தேர்தலில் ராஜா மயிரிழையில் பிழைத்தார். மறுமாதமே மக்களின் பல் மீது அவருக்கு அப்படியொரு கரிசனம் பிறந்தது. எதனால் பிறந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்வதாக இல்லை. அரண்மனைப் பல் மாளிகை திறக்கப்பட்டது. அதற்குத் தலைமை வைத்தியர் நீலமேகம். அவர் அங்கமுத்துவை அழைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினார்.

"எல்லோருக்கும் இலவசமாகப் புதுப் பல். பழைய பல் முழுவதையும் அகற்றிவிடுவோம். பழையதும் புதியதும் ஒரே வாயில் இருந்தால் பூசல் வரும். நாட்டின் ஒற்றுமை வாயிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது மாமன்னரின் சித்தம்."

"பல்லு உடைஞ்சா என்ன செய்யறதுங்க?"

"நல்ல கேள்வி. ஆயுள் உத்தரவாதம் உண்டு. ஆளுக்கொரு செப்புத் தகடு தருவோம்."

அங்கமுத்து தெருத் தெருவாகத் தமுக்கடித்தார். "பல் ஆடினாலும், உடைந்தாலும், விழுந்தாலும், நீங்கள் உயிரோடு இருக்கிறவரைக்கும் பல் மாளிகையே மாற்றித் தரும்! இது ராஜா வாக்கு!" அன்றைக்குப் போல அவர் குரல் என்றைக்குமே எடுபட்டதில்லை. சொன்னவர் முழுசாக நம்பினார், அதுதான் கொடுமை.

வீட்டுக்கு வந்தால் வீராயி பட்டாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. சேதிதான் நல்லால்ல," என்றாள். "ஆடாத பல்லை எதுக்குய்யா பிடுங்கணும்?"

"ஊருக்குச் சொல்றவன் வீட்டுலயே செய்யலைன்னா எவன் நம்புவான் புள்ள? என் மானமே போயிரும்."

"உன் மானம் என் வாயிலயா இருக்கு?"

"எனக்காகச் செய்யேன், வீராயி."

அவள் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். ஊரில் முதல் ஆளாக அவரும், இரண்டாம் ஆளாக அவளும் போய் வாயைத் திறந்தார்கள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போனார்கள்.

ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. சுண்ணாம்புக் கல்லில் செய்த பல், கஞ்சியில் ஊறியே கரைய ஆரம்பித்தது. பல்லைக் கட்டியிருந்த கம்பி மட்டும் மிஞ்சி ஈறைக் கிழித்து, நாக்கு புரள இடமில்லாமல் வாய் வீங்கிப்போனது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் பல் வேண்டுமே! அங்கமுத்து செப்புத் தகட்டைத் துடைத்து மடியில் கட்டிக்கொண்டு, வீராயியோடு பல் மாளிகைக்குப் போனார். மேசைக்குப் பின்னால் நீலமேகமே உட்கார்ந்திருந்தார்.

அங்கமுத்து நடந்ததையெல்லாம் சொன்னார். நீலமேகம் கண்ணை மூடிக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சட்டப்படி குறையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தாங்கள் சொல்வது விளங்கவில்லை. விளங்காத குறை, இல்லாத குறை."

அங்கமுத்து வாயைத் திறந்து காட்டினார்.

"காட்டக் கூடாது, சொல்ல வேண்டும்."

அன்றைக்குப் பார்த்து வெளிநாடு போய்த் திரும்பியிருந்த ஆட்டு வியாபாரி ஒருவர் பின்னால் நின்றிருந்தார். ஊரில் இல்லாததால் அவர் பல் தப்பியிருந்தது. மனசு கேட்காமல் முன்னால் வந்தார். "ஐயா, இவங்க பல்லெல்லாம் கரைஞ்சு போச்சு. மாத்திக் கொடுங்கன்னு கேக்கறாங்க."

"தங்கள் பேச்சு மிகத் தெளிவு," என்றார் நீலமேகம். "ஆனால் தங்களுக்குப் பல் நன்றாக இருக்கிறதே. தங்களுக்கு என்ன குறை?"

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுவாரம் ஓர் ஆணை வந்தது: பல்லால் மெல்லுவது பல்லைத் தவறாகப் பயன்படுத்துவதாகும், மென்றவருக்கு உத்தரவாதம் செல்லாது. முறுக்குச் சுடுகிறவர்களும் பட்டாணி வறுக்கிறவர்களும் அடுப்பை அணைத்தார்கள். அதற்கடுத்து இன்னோர் ஆணை: பல் மாளிகை இனிமேல் புன்னகை மாளிகை என்று அழைக்கப்படும். பழைய மாளிகை கொடுத்த வாக்குக்குப் புது மாளிகை பொறுப்பல்ல.

அங்கமுத்து மறுபடியும் போனார். அதே கட்டடம், அதே மேசை, அதே நீலமேகம். தகட்டை மேசைமேல் வைத்தார்.

"இது பழைய மாளிகை கொடுத்தது. அங்கேதான் கேட்க வேண்டும்," என்றார் நீலமேகம், தகட்டைத் திருப்பித் தள்ளி. "பாவம், அது இப்போது இல்லை. அதன் தலைமை வைத்தியரை எனக்கு நன்றாகத் தெரியும். தங்கமான மனிதர்."

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அரண்மனைக்குத்தான் இவர்கள் பேச்சு விளங்கவில்லை. வீட்டுக்குள் வீராயி முனகினாலும் அங்கமுத்துவுக்குப் புரியும். நாள்பட, பல்லில்லாத ஊர் முழுக்க ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியத் தொடங்கியிருந்தது. ஆனால் வீராயிதான் பேச்சையே குறைத்துவிட்டாள். அவளாக ஒருநாளும் அவரைக் குத்திக் காட்டவில்லை. காலிப் பட்டாணித் தட்டைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். ஒரு வார்த்தை திட்டித் தொலைத்தாலாவது தேவலை என்று அவருக்கு இருக்கும்.

தேர்தல் வந்தது. வீராயி ஒரு மாதம் பயிற்சி செய்தாள். ஒன்பது வேண்டாம், ஒரே ஒரு வாக்கியம். மேடை முன்னால் நின்று, ஈறில் ரத்தம் கசிய, அதைச் சொன்னாள்: "எங்க பல்லைத் திருப்பிக் கொடுத்துட்டு ஓட்டுக் கேளுங்க." பின்னால் நின்ற அங்கமுத்துவுக்கு ஒவ்வொரு எழுத்தும் மணியாகக் கேட்டது.

"வாக்கியம் எதுவும் விளங்கவில்லை," என்றார் மேடையில் இருந்தவர். "அம்மையார் சும்மா நின்றதாகக் கொள்ளப்படுகிறது. ராஜா வேண்டும். அடுத்தவர்!"

அடுத்தவர் அங்கமுத்து. அவருக்கும் அதுவே. வரிசை முழுக்கவும் அதுவே. ஆட்டு வியாபாரி ஒருவர் மட்டும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். நாடே ஒரு பக்கம் நிற்க ஓர் ஆள் மட்டும் எதிராக நின்றது ராஜாவின் பெருந்தன்மைக்குச் சான்று என்று அறிவித்தார்கள்.

வெற்றிச் செய்தியை ஊருக்குச் சொல்ல அங்கமுத்துவுக்கே உத்தரவு வந்தது, கூடவே ஒரு காவலரும். அங்கமுத்து தமுக்கைத் தட்டினார். செய்தியைச் சொல்லவில்லை. "இதனால் சகலமானவர்களுக்கும்... நான் உங்களை ஏமாத்திட்டேன். தெரியாம செஞ்சேன். என் பேச்சைக் கேட்டுத்தானே வாயைத் திறந்தீங்க. என்னை மன்னிச்சிருங்க," என்று ஒவ்வொரு தெருவிலும் சொன்னார். பல் வரிசை நன்றாக இருந்த அந்தக் காவலர், தலையாட்டி ரசித்துக்கொண்டே வந்தார். வாசல்களில் நின்றவர்கள் அழுதார்கள். ஆனந்தக் கண்ணீர் என்று காவலர் அரண்மனையில் போய்ச் சொன்னார். கூடவே இன்னொன்றையும் சொன்னார்: "இவர்கள் பேசுவது நமக்குத்தான் விளங்கவில்லை. அவர்களுக்குள் நன்றாக விளங்குகிறது போலிருக்கிறது."

மறுவாரம் தெருவில் வேறொருவர் தமுக்கடித்தார். நல்ல பல், நல்ல குரல். எல்லோருக்கும் இலவசமாகப் புதுக் காது. பழைய காதை அகற்றிவிடுவார்களாம். ஆயுள் உத்தரவாதம் உண்டாம்.

அங்கமுத்து சதுக்கத்துக்கு ஓடினார். தமுக்குச் சத்தம் அடங்குமுன்னே அங்கே வரிசை நின்றுவிட்டது. "போகாதீங்க! என்னைப் பார்த்துமா புத்தி வரல?" என்று வரிசை நெடுகக் கத்திக்கொண்டே போனார்.

"நீ சொல்றது புரியுது அங்கமுத்து," என்றார் வரிசையில் நின்ற ஒருவர், சங்கடமாகச் சிரித்து. "ஆனா இந்தத் தடவை வெள்ளித் தகடாம்."

வரிசையில் வீராயியின் முகத்தைத் தேடினார். காணவில்லை. வீட்டுக்கு ஓடி வந்தார். அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சேலைத் துணி ஒன்றைக் கிழித்து, ஏற்கெனவே காது மாற்றிக்கொண்டவளைப் போல, இரண்டு காதையும் மூடித் தலையைச் சுற்றி இறுகக் கட்டியிருந்தாள். பக்கத்தில் இன்னொரு துண்டை மடித்து வைத்திருந்தாள்.

அதை எடுத்து அவரிடம் நீட்டினாள். "எனக்காகக் கட்டிக்கய்யா," என்றாள்.