துண்டு பாய் முடித்த பேரம்

திண்டுக்கல்லில் பொருளாதாரம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் நான்காம் வகுப்பைத் தாண்டியதில்லை. எங்கள் பேகம்பூரில் தோல் தரகு செய்த அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் துண்டு பாய்.

அந்தக் காலத்துத் தோல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகரும் வியாபாரியும் கைகளைத் துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். அழுத்தினால் சம்மதம். தரகர் "முடிஞ்சது" என்று சொல்லிவிட்டால் அப்பீலே கிடையாது. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பாய்க்கு இது தொழிலாக இருந்து வியாதியாகிவிட்டது. கத்தரிக்காய் வாங்கப் போனாலும் துண்டை விரிப்பார். கன்னிவாடியிலிருந்து கூடை கொண்டுவரும் அம்மாள் ஒருநாள் வெடித்துவிட்டாள். "வீசை ரெண்டணான்னு வாயாலதான சொல்றேன்? அம்புட்டுப் பேரு பாக்கக் கையப் பிடிக்க வாரீகளே பாய்!"

"சத்தம் போடாத ஆத்தா, வெலை வெளிய தெரிஞ்சிரும்" என்றார் பாய்.

நான் பி.ஏ. முடித்ததும் மதுரையில் எம்.ஏ. சரித்திரம், எம்.ஏ. பொருளாதாரம் இரண்டுக்கும் இடம் கிடைத்தது. எனக்கு வங்கி வேலை மேல் கண். பொருளாதாரத்தில் வங்கியியல், அரசு நிதி என்று தனித் தாள்களே இருந்தன. ஆனால் அப்பா சரித்திர வாத்தியார். எங்கள் வீட்டில் அக்பருக்கு இருந்த மரியாதை எனக்குக் கிடையாது. மறுநாள் தபாலில் பதில் போயாக வேண்டும், அதில் அப்பா கையெழுத்தும் வேண்டும். பாயிடம் போய் அழுதேன்.

சாயங்காலமே பாய் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரே, சரித்திரம் செத்தவன் சமாச்சாரம். பொருளாதாரம் உசுரோட இருக்கவன் சமாச்சாரம். பேங்குல உக்காந்திருக்கவனுக்கு வெள்ளாட்டுத் தோலு எது, செம்மறித் தோலு எதுன்னு தெரியலை. நம்ம அப்பு உள்ள போகட்டும்."

"அதெல்லாம் பேசி முடிவெடுத்தாச்சு பாய்."

"பேசுனா எப்படி முடியும்? கையக் குடுங்க."

அப்பா மறுப்பதற்குள் அவர் கை துண்டுக்குள் போய்விட்டது. துண்டு குதித்தது. அப்பா நெளிந்தார், கூச்சம் தாங்காமல் சிரித்தார், "விடுங்க பாய், விடுங்க" என்று கெஞ்சினார். பாய் கொஞ்ச நேரம் கண்ணை மூடித் தலையாட்டிவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி கூவினார்: "முடிஞ்சது! பொருளாதாரம்!"

அப்பாவுக்கு விரல் பாஷை தெரியாது. எந்த விரலை அழுத்தித் தொலைத்தோம் என்று சாப்பிடும்போதுகூடக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் துண்டுக்குள் முடிந்ததை மறுத்தவன் என்று பேகம்பூரில் பெயர் வாங்க அவர் தயாராக இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு வருடம் கழித்து வங்கிப் பேட்டியில் பெரிய அதிகாரி, சந்தையில் விலை எப்படித் தீர்மானமாகிறது என்று கேட்டார். புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்துவிட்டு, "எங்க ஊர்ல வேற மாதிரி சார்" என்று கைக்குட்டையை விரித்தேன். அவர் கையை நீட்டினார். கூட இருந்த இரண்டு அதிகாரிகளும் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார்கள். வேலை கிடைத்தது.

வேலை உத்தரவை எடுத்துக்கொண்டு பாயிடம் ஓடினேன். இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அன்னிக்கு அப்பா எந்த வெரல அழுத்துனாரு பாய்?"

பாய் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏலே, ஒங்கப்பா எங்க அழுத்துனாரு? கைய உருவிக்கிட்டு ஓடத்தான் பாத்தாரு. முப்பது வருசத் தரகுல நான் சொன்ன பொய்யி அது ஒண்ணுதான். யாருகிட்டயும் சொல்லிராத அப்பு, பொழப்பு போயிரும்."

அவர் இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. என் வீட்டில் இத்தனை வருடம் உலை கொதித்தது அந்த ஒரு பொய்யில்தான். அந்த மனிதரை நினைக்காமல் நான் ஒருநாளும் துண்டை எடுத்துத் தோளில் போட்டதில்லை.