வண்டி மை பூசிய புல்லி

சத்த வைத்தியர்கள் என்று ஓர் இனம் உண்டு. கார் எங்கே முனகினாலும் அங்கே முளைத்துவிடுவார்கள். தலையைச் சாய்ப்பார்கள், கண்ணை மூடுவார்கள், பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து நாடி பார்ப்பார்கள், நாம் பயந்துபோய் "என்னங்க?" என்று கேட்கும்வரை வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தால் மூடமாட்டார்கள். இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஓசூர் நாராயணப்பனைப் பாருங்கள். முப்பது வருஷம் மாட்டு வண்டி ஓட்டியவர். பெங்களூர்த் துரை ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன காரை வாங்கினார். அன்றைக்கே வைத்தியரும் ஆகிவிட்டார். ஒரு நாள் கார் கீச்சிட்டது. மெக்கானிக் லால் பாஷா குனிந்து பார்த்தார்.

"பெல்ட்டு ஓடற சக்கரம், இந்தப் புல்லி, ஆடுதுங்க. அதான் பெல்ட்டு கோணலா ஓடிக் கத்துது. விட்டுட்டுப் போங்க, கழட்டி முடுக்கிடறேன்."

"சத்தத்தக் கேட்டாலே எனக்குத் தெரியும் பாய். இது வறட்சி."

விட்டுவிட்டு எப்படிப் போவது? மறுநாள் பத்து மணிக்குக் கிருஷ்ணகிரியில் மகள் காவேரிக்கு வாத்தியார் பயிற்சிக்கான பரீட்சை. பத்து அடித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். தவறினால் அடுத்த வருஷம்தான். அதற்குள் மாமன் வீட்டார் தாம்பூலத் தட்டோடு வந்து நிற்பார்கள். காவேரிக்கு அந்தத் தட்டைக் கண்டாலே குலை நடுங்கும்.

வண்டி கத்தினால் அச்சுக்கு என்ன போடுவோம்? விளக்கெண்ணெயில் வைக்கோல் கரி குழைத்த மை. மாட்டு வண்டிக்கு அடியில் தொங்கிய மை நிரம்பிய மூங்கில் குழாயை அவிழ்த்துவந்து, புல்லி, பெல்ட்டு என்று பாரபட்சமில்லாமல் பூசினார் நாராயணப்பன். சத்தம் பட்டென்று நின்றது. மனுஷன் பூரித்துப்போய்க் காரை இரண்டு தரம் சுற்றி வந்தார்.

மறுநாள் சூளகிரி தாண்டியதும் கார் ஆவி கக்கியது. புல்லி சுற்றியது, வழுக்கிய பெல்ட்டு சுற்றவில்லை. இஞ்சினைக் குளிர்விக்க விசிறியும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை. மணி ஒன்பது.

பின்னால் வந்த பஸ்ஸை நடு ரோட்டில் கையை விரித்து நிறுத்தி ஏறிக்கொண்டாள் காவேரி. கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் பஸ்ஸின் இஞ்சின் 'டக் டக்' என்றது. நாராயணப்பனின் தலை தானாகச் சாய்ந்தது.

"டிரைவரே, நிறுத்துங்க! இந்தச் சத்தம் இருக்குதே..."

கை பானட்டுக்குப் போய்விட்டது. ஜன்னலில் மகளின் முகம் தெரிந்தது. கண்ணெல்லாம் நீர்.

"அப்பா, கையெ எடுங்கப்பா! வண்டி போகட்டும்!"

பஸ்ஸே அவரைப் பார்த்தது. கையை எடுத்தார். ஒரு நோயை வைத்தியம் பார்க்காமல் அவர் விட்டது அதுவே முதல் தடவை. வெட்கமாகத்தான் இருந்தது.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது காவேரி உள்ளே நுழைந்தாள். 'உராய்வு குறைவதால் விளையும் தீமைக்கு ஓர் உதாரணம் தருக' என்று ஒரு கேள்வி. கூடுதல் தாள் வாங்கி எழுதினாளாம்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் கார் ஆவி கக்கிய இடத்தில், "ஒரு குடம் தண்ணி ஊத்தினா சரியாப் போயிருக்கும்" என்று உங்கள் வாய் முணுமுணுத்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?