கரடி வீட்டுப் புகைபோக்கியும் இருவாச்சி மேஸ்திரியும்

"மேலே விரிசல் தெரிந்தால்..." என்று தொடங்கிச் சடையனின் பெரியப்பா ஒன்று சொல்வார். மீதி சடையனுக்கு நினைவில்லை. சொல்லும்போதெல்லாம் பெரியப்பாவின் வாயில் பலாச்சுளை இருந்தது ஒரு காரணம். கேட்கும்போதெல்லாம் சடையனின் கண் அந்தச் சுளையின் மேலேயே இருந்தது இன்னொரு காரணம்.

சடையன் ஒரு கரடி. ஒரு காட்டில், மேகம் வாசல்வரை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற உயரத்தில், எந்தக் காலத்திலோ ஒரு தேயிலைத் துரை விட்டுப்போன கல்வீட்டில், மனைவி தேனம்மையோடு குடியிருந்தான். வீட்டில் குளிர்காய ஒரு கணப்பு. அதற்கு மேலே செங்கல் புகைபோக்கி. புகைபோக்கியின் உச்சியில், புகை வெளியேறும் வாயைச் சுற்றி, சிமென்டால் பூசிய ஒரு தொப்பி. மழைத் தண்ணீர் செங்கல்லுக்குள் இறங்காமல் வெளிப்பக்கமாக வழிந்து ஓடவேண்டும் என்று துரை அதை நாலு பக்கமும் சரித்துப் பூசச் சொல்லியிருந்தார். துரை போனபிறகு அதை யாரும் ஏறிப் பார்த்ததில்லை. தலைக்கு மேலே இருப்பது தானாகவே சரியாக இருக்கும் என்பது அந்தக் காட்டில் பரவலான நம்பிக்கை.

தேனீக்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்க்க ஒருநாள் கூரையில் ஏறிய சடையன் அந்தத் தொப்பியில் ஒரு விரிசலைக் கண்டான். மயிரிழைதான். ஆனால் கீழே கணப்புக்குப் பின்சுவரில் தவளை வடிவத்தில் ஓர் ஈரக்கறை இருப்பதும், ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தவளை கொஞ்சம் கொழுப்பதும் ஏன் என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

வேறு சமயமாக இருந்தால் தவளையோடு பழகிக்கொண்டிருப்பான். இப்போது தேனம்மைக்கு நிறைமாதம். பருவமழைக்குப் பத்து நாள்தான் இருந்தது. கணப்பறைதான் பிரசவ அறை.

"ஏங்க, ஈரச் சுவத்துப் பக்கத்துல நான் குட்டி போட மாட்டேன்" என்றாள் தேனம்மை. "மழைக்குள்ள இது காயணும். இல்லேன்னா எங்கண்ணன் குகைக்குப் போயிடுவேன்."

அண்ணன் குகை மூன்று மலை தாண்டி இருந்தது. நடுவில் இரண்டு ஆறு. இந்த நிலையில் அவள் கிளம்பினால் போய்ச்சேருவாளா என்பதே சந்தேகம். அவள் சொன்னதைச் செய்கிறவள் என்பதில் சந்தேகமே இல்லை.

தானே பூசிவிடலாம் என்றுதான் சடையன் முதலில் நினைத்தான். ஆனால் கரடி நகம் புற்றைத் தோண்டிப் பழகியது. அவன் தொட்டால் விரிசல் குழியாகும், இன்னும் கொஞ்சம் அக்கறை காட்டினால் கிணறாகும். பெரியப்பா சொன்னதன் மீதி நிச்சயம் 'உடனே உரிய இடத்தில் சொல்' என்பதாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்துக் கானக வாரிய அலுவலகத்துக்குப் போனான்.

வரிசையில் அவனுக்கு முன்னால் பதினேழு முயல்கள் நின்றன. அவன் முறை வருவதற்குள் அவை இருபத்தாறு ஆகியிருந்தன. ஒருவழியாகச் சன்னலை அடைந்தபோது, குமாஸ்தா தாண்டவன் என்ற கருமந்தி நிமிராமலே கேட்டது, விரிசலா இடிபாடா என்று. சடையன் விரிசல் என்றான். விரிசலுக்குப் படிவம் கிடையாது, இடிந்தபிறகு வந்தால் பச்சைப் படிவம் தரலாம் என்றது தாண்டவன். அப்படியானால் நானே ஆள் வைத்துப் பூசிக்கொள்கிறேன் என்று சடையன் திரும்பினான்.

"அது எப்படி முடியும்?" என்று தாண்டவன் முதல்முறையாக நிமிர்ந்தது. "சொல்லாம இருந்திருந்தா அது உங்க விரிசல். சொன்னதுக்கு அப்புறம் அது வாரியத்து விரிசல். மேற்பார்வையாளர் வந்து பார்க்காம யாரும் தொடக்கூடாது ஐயா."

மேற்பார்வையாளர் அம்பலவாணர் ஓர் ஆமை. அன்றே புறப்பட்டுவிட்டார் என்று சடையனின் கைபேசிக்குச் செய்தி வந்தது. வரைபடத்தில் ஒரு பச்சைப்புள்ளி, அதன்கீழே 'இன்னும் நாற்பது நிமிடத்தில் உங்கள் வாசலில்' என்று ஒரு வரி. சடையன் வாசலைக் கூட்டி வைத்தான். அடுத்த நாளும் நாற்பது நிமிடம். ஆறாம் நாள் முப்பத்தொன்பது ஆனபோது சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழாம் நாள் புள்ளி ஒரு கீரைப்பாத்தியைக் கண்டு திசைமாறியது, மறுபடி நாற்பது.

எட்டாம் நாள், சொன்ன தேதிக்கு முன்னாலேயே மழை வந்துவிட்டது. சுவரில் இருந்த தவளைக்கு ஒரு குட்டித் தவளை பிறந்தது. தேனம்மை தன் மூட்டையைக் கட்டத் தொடங்கினாள்.

சடையன் மூச்சிரைக்க ஓடிப்போய் நின்ற இடம் இருவாச்சி மூக்கையாவின் மரம். அந்தக் காட்டில் உயரத்தில் பூச்சுவேலை தெரிந்த ஒரே மேஸ்திரி அவர்தான். பேடை முட்டையிட மரப்பொந்துக்குள் போனதும், அதை உள்ளே வைத்தே பொந்து வாயை மண்ணும் பழச்சக்கையும் குழைத்து அடைத்துவிடுவது இருவாச்சிக் குடும்பத்து வழக்கம். தலைமுறை தலைமுறையாக ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனதில்லை. சடையன் விரிசலைச் சொன்னான், மழையைச் சொன்னான், தேனம்மையின் மூட்டையைச் சொன்னான். மூக்கையா அலகைச் சாய்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உள்ள பிரசவமா அண்ணாச்சி?"

"ஆமா மேஸ்திரி."

"அப்ப நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரிந்த மாதிரிதான் செய்தார். அன்று முழுக்க மழைவிட்ட நேரமெல்லாம் கூரைமேல் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் கொட்டிய மழையில் சுவரில் ஒரு துளி புதிதாக இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் குட்டித் தவளை காய்ந்தது. மாலைக்குள் பெரிய தவளையும் வெளிறிப்போயிற்று. தேனம்மை மூட்டையை அவிழ்த்தாள். சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, கலியாணமானதிலிருந்து முதல்முறையாக, "பரவாயில்லையே" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் நெஞ்சு நிமிர்ந்துபோன சடையன் கணப்பை மூட்டினான்.

புகை மேலே போயிற்று. மேலே போய் யோசித்தது. பிறகு நிதானமாகத் திரும்பிக் கீழே வந்து, வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தது. இருவரும் இருமிக்கொண்டே மழையில் வந்து நின்றார்கள். சடையன் கூரையேறிப் பார்த்தபோது விரிசலைக் காணோம். புகைபோக்கியின் வாயையும் காணோம். எல்லாவற்றையும் ஒரே பூச்சாக, பளிங்குபோல மெழுகி, நடுவில் ஓர் அலகு நுழையுமளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டிருந்தது. மூக்கையா அதன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கீற்றுவழியாக அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அவை நேராகப் போய் நெருப்பில் விழுந்து வெடித்தன.

"அம்மாவுக்குத்தான். பிரசவம் முடியிற வரைக்கும் தினம் ரெண்டு வேளை கொண்டாந்து போட்டுடுவேன். நீங்க அலைய வேண்டாம்" என்றார் மூக்கையா.

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? அவர் பறந்துபோகட்டும், ஒரே அடியில் இடித்துவிடலாம் என்று சடையன் காத்திருந்தான். அவர் பறந்துபோனார். சடையன் கையை ஓங்கினான். வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஆமை அம்பலவாணர் வந்து சேர்ந்திருந்தார்.

கூரையேற அவருக்கு உத்தரவு இல்லை. அதனால் உள்ளே போய்ப் பின்சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். இந்தக் கன்னத்தை, பிறகு அந்தக் கன்னத்தை. இப்படியொரு காய்ந்த சுவரை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று எழுதினார். வீடெல்லாம் புகையாக இருக்கிறதே என்று சடையன் கேட்டதற்கு, ஈரம் என் பிரிவு, புகை அடுப்புப் பிரிவு என்று இருமிக்கொண்டே விளக்கினார். பிறகு 'ஒழுக்கற்ற வீடு' என்று முத்திரையிட்ட தகட்டைக் கதவில் மாட்டினார். முத்திரை விழுந்தபிறகு பூச்சில் நகம் பட்டால் வீடு வாரியத்துக்குப் போய்விடும். இடிக்க அனுமதி வேண்டுமானால் புது விண்ணப்பம். அதை அவரே வந்து பார்வையிடுவார். ஆனால் முதலில் அவர் அலுவலகம் போய்ச் சேரவேண்டும்.

புள்ளி மெல்ல நகரத் தொடங்கியது.

தேனம்மை கொல்லைப்புறத்து விறகுக்கொட்டகையின் வாசலில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலி கண்டுவிட்டது. சடையன் அவள் பக்கத்தில் போய், பெரியப்பா ஏதோ சொல்வாரே, மேலே விரிசல் தெரிந்தால் என்று, அந்த மீதி மட்டும் நினைவிருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று புலம்பினான்.

"எனக்கு ஞாபகமிருக்கே" என்றாள் தேனம்மை பல்லைக் கடித்துக்கொண்டு. "நம்ம கலியாணப் பந்தியில சொன்னார். மேலே விரிசல் தெரிஞ்சா, இறங்கி வந்து சாப்பிடு. யார் கேட்டாலும் மேலே ஏறவே இல்லைன்னு சொல்லிடு."

சடையன் கணப்பைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய் அடுக்கி, நெருப்பை மூட்டினான். கொட்டகைக் கூரையின் ஒரு மூலையில் முறம் அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. புகை அந்த வழியாகப் போயிற்று. மழையும் அந்த வழியாக வந்தது. ஓட்டைக்கு எட்டாத மூலையில், கதகதப்பில், பொழுது சாய்வதற்குள் இரண்டு குட்டிகள் பிறந்தன. மூக்கையா செய்தி கேட்டுப் பறந்துவந்தார். ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். ஒரே நாள் வேலை, அடைத்துவிடலாமே என்றார்.

வேண்டாம் என்று சடையன் முடிவு செய்தான்.

நீதி: ஒழுகாத வீட்டுக்குச் சான்றிதழ் வாங்கிக் கதவில் மாட்டுக, குடியிருக்க, ஒழுகுகிற கொட்டகை ஒன்றைத் தனியே வைத்துக்கொள்க.