மச்சானுக்கு, ஆறு ஓட்டை மேசை விஷயமாக

சேசு மரி சூசை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
1958, ஆகஸ்டு மாதம்

சைகோன் பட்டணத்தில் சீரும் சிறப்புமாக வாழும் மச்சான் அலெக்சாண்டருக்கு, உன் மாமா அமலநாதன் எழுதிக்கொண்டது. இவ்விடம் என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். அவ்விடம் நீயும் உன் மனைவி மக்களும் சுகமாயிருக்க உன் அக்காள் அகஸ்டினா தினமும் செபிக்கிறாள். அவள் செபிப்பதால் நான் தனியாகச் செபிப்பதில்லை.

போன சனிக்கிழமை கிளப்பில் நடந்ததைப் பற்றி ஊரிலிருந்து யாராவது உனக்கு எழுதுவார்கள். அதற்குமுன் உண்மை உன் கைக்கு வந்து சேரவேண்டும் என்றுதான் இந்த அவசரம்.

நம் பழைய நாட்களை நீ மறந்திருக்கமாட்டாய். பிரெஞ்சுக்காரன் காலத்தில் நம்மைப்போன்ற குமாஸ்தாக்களுக்குக் கிளப்புக்குள் இடமில்லை. நீயும் நானும் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொசுக்கடியில் நின்று பில்லியார் ஆட்டம் பார்ப்போமே, சைகோனுக்குப் போகிற கப்பல் இங்கே நங்கூரம் போட்டால் அதிலிருந்து பெரிய ஆட்டக்காரர்கள் இறங்கி வருவார்களே! ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட முசே லுவாசேல் ஞாபகம் இருக்கிறதா? தொப்பையை மேசைமேல் ஒரு குழந்தையைக் கிடத்துவதுபோல மெல்லக் கிடத்திவிட்டுத்தான் கோலையே நீட்டுவார். பிரெஞ்சுக்காரன் மேசையில் ஓட்டையே கிடையாது, மூன்றே பந்துதான். அவர் தட்டிய பந்து மூன்று பக்கச் சுவரிலும் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து மற்ற இரண்டு பந்துகளையும் தொடும். அப்புறம் அந்த ஒற்றைக்கண் கப்பல் கப்பித்தேன். குறி பார்க்க மற்றவர்கள் ஒரு கண்ணை மூடவேண்டும், அவருக்கு அந்த வேலையும் மிச்சம். கைதட்டினால் காவல்காரன் விரட்டுவான் என்று நாம் சத்தமில்லாமல் தொடையில் தட்டிக்கொள்வோம். அதெல்லாம் ஒரு ஆட்டம் மச்சான்!

பிரெஞ்சுக்காரன் போனபின் கிளப்புக்குக் கடலூர்க்காரர் கிருஷ்ணசாமி காரியதரிசியாக வந்திருக்கிறார். நல்ல மனிதர், யார் எதைச் சொன்னாலும் நம்புவார். மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கும்போது அவரிடம், நாம் ஜன்னலில் நின்று பார்த்த முசே லுவாசேலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். கொஞ்சம் என்றால், கத்திரிக்காய் வாடும்வரை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஸ்னூக்கர் ஆடறதுக்கு இங்கிலாந்துலேர்ந்து ஹார்ட்லின்னு ஒருத்தர் வர்றாரு. நம்ம ஜனங்களுக்கு ஆட்டம் ஒண்ணும் தெரியாது. நீங்க முன்னால ஒக்காந்து தமிழ்ல வெளக்கிச் சொல்லணும்" என்றார். முன்னால்! நாற்காலியில்! கிளப்புக்குள்ளே! மச்சான், ஸ்னூக்கர் என்றால் என்ன என்று அந்தச் சமயத்தில் எப்படிக் கேட்பது? பில்லியாருக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயராயிருக்கும் என்று நினைத்து, "அதுக்கென்ன, வர்றேன்" என்றுவிட்டேன்.

கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு உன் அக்காளையும் கூட்டிப்போனேன். போய்ப் பார்த்தால், மெட்ராசிலிருந்து லாரியில் வந்த புது மேசையில் ஆறு ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வலைப்பை. வழியில் அடிபட்டு உடைந்துபோன இடத்தில் அவசரத்துக்கு வலை கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி, மரியாதைக்காக நான் அதைப் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். ஹார்ட்லி துரைக்கு எதிராட்டக்காரர் நம் மரக்கடைக் கலியபெருமாள். ஆட்டம் தொடங்கியது. துரை தட்டினார். ஒரு சிவப்புப் பந்து ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. நான் எழுந்து ஜனங்களிடம், "பாவம், புது எடம், கை நடுங்குது. யாரும் சிரிக்காதீங்க" என்றேன். அடுத்து ஒரு கறுப்பு விழுந்தது. "மறுபடியும் போச்சு. வயசாயிடுச்சு போலிருக்கு" என்றேன். அதன்பின் துரை தொட்டதெல்லாம் விழ, ஒவ்வொன்றுக்கும் சபையே "ச்சு, ச்சு" என்று இரக்கப்பட்டது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கலியபெருமாள் வந்து தட்டினார், எதுவும் விழவில்லை. "பாத்தீங்களா நம்ம ஆளை! ஒண்ணுகூட விழல!" என்றேன். கூரை பறந்துபோகிற மாதிரி கைதட்டல். கலியபெருமாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத இந்தக் காகிதம் தாங்காது.

உன் அக்காள் என் விலாவில் இடித்தாள். "இன்னாங்க, இது பசங்க ஆடற கேரம் மாதிரிதானே? விழுந்தாத்தான பாயிண்டு?"

"சும்மா இரு. வருஷக்கணக்கா ஜன்னல்ல நின்னவன் நானா, நீயா?"

அவள் பக்கத்துப் பெண்கள் பக்கம் திரும்பி என்னவோ கிசுகிசுக்கத் தொடங்கினாள். நான் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் அப்போதுதான் பெரிய மோசடி ஒன்று என் கண்ணில் பட்டது. விழுந்த கறுப்புப் பந்தை, மேசைப் பக்கத்தில் நின்று பாயிண்டு எண்ணும் மார்க்கர் வலையிலிருந்து எடுத்து மறுபடியும் மேசைமேல் வைக்கிறான்! ஒரு தடவை என்றால் பொறுக்கலாம். விழ விழ வைக்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. "நிறுத்துங்க ஆட்டத்த! விழுந்தத எடுத்து வெக்கிறான், கண்ணெதிர்ல களவு!" என்று கத்தினேன்.

அது அந்த ஆட்டத்தின் விதி என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் என்ன சொன்னேன் என்று துரை கேட்டார். கிருஷ்ணசாமி வேர்த்து விறுவிறுத்து, தொடக்கத்திலிருந்து நான் சொன்ன எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டார். துரை சிரித்தார் பார், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்காமலே மிச்சப் பந்துகளைப் போட்டுவிட்டு, ஓட்டை வாயில் நின்ற கடைசிக் கறுப்பைத் தவறவிட்டார். துரை தொடக்கத்திலேயே நிறையப் பாயிண்டு விட்டுக்கொடுத்திருந்தாராம், அதனால் கலியபெருமாள் அந்த ஒன்றைப் போட்டே ஜெயித்துவிட்டார். இங்கிலாந்து ஆட்டக்காரரை நம் ஊர் மரக்கடைக்காரர் ஜெயித்த அந்த நேரத்தில், பெண்கள் பக்கத்தைத் தவிர சபை முழுக்க அவரைப் பார்த்து "ச்சு, ச்சு" என்றது.

துரை நல்லவர். நேரே என்னிடம் வந்து, ஓட்டையில்லாத அந்த ஆட்டத்தைக் காட்டச் சொன்னார். பின்கட்டில் நம் பழைய மேசை உறை போட்டபடி இருந்தது. உறையை எடுத்ததும் எனக்குக் கண் கலங்கியது மச்சான், அவ்வளவு கிட்டத்தில் அதை நான் பார்த்ததேயில்லை. முசே லுவாசேலின் அடியைச் சொன்னேன். துரை முயன்றார், வரவில்லை. மறுபடி முயன்றார், வரவில்லை. "நீங்களே காட்டுங்க" என்று கிருஷ்ணசாமி மூலம் சொல்லிக் கோலை என் கையில் கொடுத்துவிட்டார். நான் வாழ்நாளில் கோலைத் தொட்டதில்லை என்பது உலகத்தில் உனக்கும் எனக்கும்தான் தெரியும். தொப்பையைக் கிடத்தினேன், கண்ணை மூடினேன், தட்டினேன். பந்து அங்கேயே நின்றது. கோல் மட்டும் பச்சைத் துணியைப் பர்ரென்று கிழித்துக்கொண்டு போனது.

கிருஷ்ணசாமி கோபப்படவில்லை. "ஐயா, இனிமே நீங்க அந்த ஜன்னல்லேர்ந்தே பாருங்க" என்றார். அதுதான் வலித்தது.

ஆகையால் மச்சான், இனிமேல் அந்தத் தெருவிலேயே கால் வைப்பதில்லை என்று மாதா முன் சபதம் செய்துவிட்டேன். பூசை, செபமாலை, சாயங்காலம் கடற்காற்று, அவ்வளவுதான் என் மிச்ச வாழ்க்கை. உன் மனைவிக்கு எங்கள் ஆசீர்வாதம், பிள்ளைகளின் கன்னத்துக்கு ஆளுக்கொரு முத்தம், சர்வேசுரன் உங்களைப் புயலிலும் சண்டையிலும் காப்பாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமா,
அமலநாதன்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப்போகும்போது கிருஷ்ணசாமியே வீட்டுக்கு வந்துவிட்டார். துணிக் கிழிசலுக்குப் பணம் கேட்க வந்திருக்கிறார் என்று நான் சமையலறைக்குள் போய்விட்டேன். வந்தது உன் அக்காளைத் தேடி. அன்றைக்கு அவள் கிசுகிசுத்ததில் பெண்கள் எல்லோருக்கும் ஆட்டம் புரிந்துவிட்டதாம், இனிமேல் சனிக்கிழமைதோறும் அவள் முன்வரிசையில் உட்கார்ந்து விளக்கவேண்டுமாம். "தனியா எப்டிங்க வர்றது? தொணைக்கு ஒருத்தர் வரலாமா?" என்றாள். "வாயைத் தொறக்காத ஆளா இருந்தா வரலாம்மா" என்றார் அவர். ஆகவே சபதம் பற்றி நான் எழுதிய வரிகளை நீ அடித்துவிட்டுப் படிக்கவும். அனுமதிச் சீட்டில் என் பெயர்கூட இல்லை, 'மதாம் அகஸ்டினாவின் புருஷன்' என்று எழுதியிருக்கிறார்கள். எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும் மச்சான். எனக்கும் கை வைத்த நாற்காலியாம்.