கம்மி டீச்சரும் பம்பாய் வாட்ச்சும்

திருத்தணியில் கம்மி டீச்சர் விலை பேசாத பொருள் ஒன்றே ஒன்றுதான்: மலைமேல் இருக்கும் முருகனின் வேல். அதையும் பேசியிருப்பார், குருக்களின் முகம் கடுகடுவென்று இருந்ததால் விட்டுவிட்டார் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள்.

அவர் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். நான் புதிதாகச் சேர்ந்திருந்த சயின்ஸ் டீச்சர். எழுபதுகளின் நடுப்பகுதி. அவருடைய நிஜப் பெயரை ஹெட்மிஸ்ட்ரஸே யோசித்துத்தான் சொல்வார். எந்தக் கடையில் போய் நின்றாலும் "கம்மி பண்ணு" என்பதுதான் முதல் வார்த்தை. பொருள் என்ன என்று பார்ப்பதெல்லாம் அப்புறம்.

பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம், "குந்திகினு வர்றவனுக்கும் நின்னுகினு வர்றவளுக்கும் ஒரே டிக்கெட்டா? இன்னா நியாயம் இது?" என்பார். பொதட்டூர்பேட்டையில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெரு முழுக்கத் தறிச் சத்தம் நின்றுவிடும். வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்து அவர் திரும்பிப் போகட்டும் என்று லுங்கி நெய்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், "ரெண்டா புடுங்கினா இன்னா கம்மி பண்ணுவீங்க?" என்று டாக்டரைக் கேட்டு, ஒரு சொத்தைப் பல்லையும் ஒரு நல்ல பல்லையும் கொடுத்துவிட்டு வெற்றிகரமாகத் திரும்பிய மனுஷி அவர்.

அவரோடு கடைக்குப் போவதென்றால் எனக்குப் பயம். அவர் பின்னால் நின்றுகொண்டு என் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடைக்காரர் எந்த நிமிஷம் எழுந்து அடிக்க வருவார், எந்தப் பக்கம் ஓடினால் தெருமுனை கிட்டம் என்பதே என் நினைப்பாக இருக்கும். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பள்ளிக்கூட லாபரட்டரியில் அடுப்பைப் பற்றவைக்கக்கூட ஒரு மாணவியைத்தான் கூப்பிடுவேன்.

அப்படிப்பட்ட நான் அவரோடு பம்பாய்க்குப் போனேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் கனகம்மாசத்திரம். கையில் கட்ட ஒரு ஃபாரின் வாட்ச் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருந்தார். பம்பாயில் மில்லில் வேலை பார்த்த என் அண்ணன், "லீவுல வா, நீயே பாத்து வாங்கிக்க" என்று எழுதியிருந்தான். தனியாக அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. விஷயம் எப்படியோ டீச்சர் காதுக்குப் போயிற்று. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பம்பாயில எல்லாம் பாதி வெலயாம்மே? நான் கூட்டிகினு போய்ட்டு வர்றேன், நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "டீச்சரம்மா கூடப் போனா எனக்கு இன்னா பயம்?" என்றாள். பயமெல்லாம் எனக்குத்தான் என்பதை யாரிடம் சொல்வது?

குண்டக்கல்லில் வண்டி நின்றதும் சீத்தாப்பழக்காரியோடு பேரம் பேச டீச்சர் கீழே இறங்கினார். வண்டி நகர்ந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினேன். பிளாட்பாரத்தில் டீச்சர் ஓடிவந்தார், பக்கத்தில் கூடையோடு பழக்காரியும் ஓடிவந்தாள், இருவரும் ஓடிக்கொண்டே தெலுங்கில் விலை பேசினார்கள். கடைசிப் படிக்கட்டைப் பிடித்து ஏறியவரின் முந்தானையில் ஆறு பழம் இருந்தது. "வண்டி நவுர நவுர வெல எறங்கும், தெரிஞ்சிக்க" என்றார். வாடி ஸ்டேஷன் போகிறவரை நான் ஜன்னல் கம்பியை விடவில்லை.

பம்பாயில் அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது ஒன்றைத்தான் சொன்னான்: "பெரிய கடைத்தெருவுல மட்டும் பாருங்க. எவனாவது கூப்ட்டான்னு மாடி ஏறிடாதீங்க. இப்ப கடத்தல் சரக்குக்கு எங்க பாத்தாலும் ரெய்டு." டீச்சர் "ஆங், ஆங்" என்று தலையாட்டினார்.

மத்தியானத்துக்குள் நாங்கள் ஒரு மாடி ஏறிக்கொண்டிருந்தோம்.

நடைபாதையில் ஒரு குள்ளமான ஆள் எங்களை உரசுவதுபோல் வந்து, "வாட்ச்? ஃபாரின்?" என்று முணுமுணுத்தான். டீச்சர் உடனே, "கம்மி?" என்றார். அவன், "கமி, கமி!" என்று சந்தோஷமாகத் தலையாட்டினான். "பாத்தியா, நம்ம பாஷ பேசறான்" என்று சொல்லி அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். பெரிய தெரு சின்னத் தெருவாகி, சின்னத் தெரு சந்தாகி, சந்து மரப்படியாக முடிந்தது. ஒவ்வொரு படியும் முனகியது. இரண்டாவது மாடியில் ஒரு அறை. உள்ளே போனதும் அவன் கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

பேருக்கு அது தையல் கடை. மூலையில் தூசி படிந்த ஒரு தையல் மிஷின், பக்கத்தில் ஒரு துணிக்குவியல். அவன் துணிக்கு அடியிலிருந்து தகரப் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தான். உள்ளே வரிசையாக வாட்ச்சுகள். ஓடுவதைக் காட்டுவதற்காக ஒவ்வொன்றாகச் சாவி கொடுத்துவைத்தான். பெட்டி முழுக்க சில்வண்டு கத்துவதுபோல் இருந்தது. மூன்று விரலைக் காட்டினான். முந்நூறு.

"கம்மி கரோ" என்றார் டீச்சர்.

கீழே யாரோ விசில் அடித்தார்கள். அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. விரலை வாயில் வைத்து, "போலீஸ்" என்றான். அது எந்த பாஷையிலும் புரியும்.

பூட்ஸ் சத்தம் மரப்படியில் ஏறத் தொடங்கியது. எனக்கு எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. கைவிலங்கு, பேப்பரில் படம், போன வேலை, நின்ற கல்யாணம், சேதி கேட்டுக் கீழே சாயும் அம்மா. தணிகைமலையானை நினைத்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொள்ளப் போனேன். அடுத்த மாதம் மணவறையில் உட்கார வேண்டுமே என்பது ஞாபகம் வந்து, பால்குடம் என்று மாற்றிக்கொண்டேன்.

டீச்சர் அவன் காதருகே குனிந்தார். "கம்மி கரோ."

அவன் நம்பமுடியாமல் பார்த்தான். ஒரு விரலை மடக்கினான்.

பூட்ஸ் முதல் மாடிக்கு வந்தது. ஏதோ ஒரு கதவு படாரென்று திறந்தது. யாரோ அழுதார்கள். "இன்னும் கம்மி" என்றார் டீச்சர் மூச்சுக்காற்றில். இரண்டாவது விரலும் மடங்கியது. பூட்ஸ் எங்கள் மாடிப்படியில் ஏறியது. மூன்றாவது விரலும் மடங்கி, கையே மூடிப்போயிற்று.

கதவு தட்டப்பட்டது.

அந்த நிமிஷத்தில் டீச்சர் செய்ததை இன்றைக்கும் என்னால் நம்பமுடியவில்லை. பையில் எப்போதும் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பை எடுத்து என் கழுத்தில் போட்டார். "நிமுந்து நில்லு. ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வந்துகீற, அவ்ளோதான்" என்றார். தகரப் பெட்டியை மிஷினுக்கு அடியில் தள்ளி, ஸ்டூலில் உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தால் அதை மூடினார். கத்தரிக்கோலை எடுத்து அவன் கையில் திணித்து, கதவைத் திற என்று கண்ணைக் காட்டினார்.

காக்கி உடையில் இரண்டு பேர். அறையில் அமைதி. அந்த அமைதியில் வாட்ச்சுகள் டிக் டிக் டிக் என்றன. எனக்கு மலைக்கோயில் மணி அடிப்பதுபோல் கேட்டது. டீச்சர் உடனே மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். கடகடவென்று அறையே அதிர்ந்தது. மிதித்துக்கொண்டே ஒரு துணியை உருட்டி உருட்டி விட்டார். அப்போதுதான் கவனித்தேன். மிஷினில் நூல் இல்லை. ஊசியும் இல்லை.

ஒருவர் துணிக்குவியலைக் கிளறினார். இன்னொருவர் மிஷின் பக்கம் வந்து இந்தியில் ஏதோ கேட்டார். ஊசி இல்லாத இடத்தை டீச்சர் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மிதிப்பதை நிறுத்தாமல், என்னைக் காட்டிக் கத்தினார்: "ஷாதி! பொண்ணுக்கு ஷாதி! ஜாக்கெட்டு தெச்சிகினு கீறோம்!"

அந்தப் போலீஸ்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் என்னால் தாங்கமுடியவில்லை. கழுத்தில் டேப்போடு ஓவென்று அழுதுவிட்டேன்.

அந்த மனிதர் பதறிப்போனார். கல்யாணப் பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று நினைத்திருக்கவேண்டும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னிடம் ஏதோ சமாதானமாகச் சொன்னார். கூட வந்தவரைத் தோளில் தட்டி அழைத்துக்கொண்டு போய்விட்டார். பூட்ஸ் சத்தம் தெருவில் இறங்கித் தேய்ந்து மறையும்வரை டீச்சர் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார்.

குள்ளமான ஆள் தரையில் உட்கார்ந்து அழுதான். பிறகு பெட்டியிலேயே நல்லதாக ஒரு வாட்ச்சை எடுத்து, இரண்டு கையாலும் டீச்சரிடம் நீட்டினான். விலை வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

டீச்சர் அதை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்.

"வாணாம்பா. இது மாப்ள கையில ஓடறப்ப எல்லாம் இந்தப் பொண்ணுக்கு நெஞ்சு அட்ச்சிகினே இருக்கும்."

அவனுக்கு என்ன புரிந்ததோ தெரியாது, கும்பிட்டான்.

சந்து முனைக்கு வந்ததும் டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். டீக்கடை பெஞ்சில் அவரை உட்காரவைத்தேன். டீ வந்தது. கடைக்காரன் சொன்ன காசைப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்ஸ் சத்தத்தைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"டீச்சர், உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா. உசுரு இப்பதான் திரும்பி வருது." இரண்டு மடக்குக் குடித்தார். "எனக்குப் பயம் வந்தா வாய் நிக்காது. எங்க ஊட்டுக்காரர் போனப்புறம் மொத மொத தனியா கடைக்குப் போனேன். ஒத்தப் பொம்பளன்னு அல்லாரும் ஒரு மாரி பாத்தாங்கோ. கை காலெல்லாம் ஒதறல். கம்மி பண்ணு கம்மி பண்ணுன்னு சத்தமா கேட்டேனா, ஒதறல் நின்னுடுச்சி. அதையே புட்ச்சிகினேன்."

இத்தனை நாளாக அவர் பின்னால் நின்று நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம், முன்னால் நின்றவரும் நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மறுநாள் அண்ணன் பெரிய கடை ஒன்றுக்கு அழைத்துப்போய், பில் போட்டு, உள்நாட்டு வாட்ச் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். விலை பேசக்கூடாத கடை. டீச்சர் உள்ளே வரவில்லை, வெளியிலேயே நின்றுகொண்டார். என் கணவர் ஃபாரின் இல்லையே என்று ஒருநாள் முகம் சுளித்தார். நடந்ததைச் சொன்னேன். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். தூக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். குண்டக்கல் வந்தது, கடப்பா வந்தது. பழக்காரிகள் ஜன்னலுக்கு ஜன்னல் கூவிக்கொண்டு போனார்கள். அவர் விழித்துக்கொள்ளக்கூடாதே என்று எல்லோரையும் சைகையாலேயே துரத்தினேன். ரேணிகுண்டா வருவதற்குள் என் கை தோள்வரை மரத்துப்போயிருந்தது. கையை உருவிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.