பாரிசிலிருந்து வியன்னாவுக்கு எத்தனை வளைவு?

பாரிசில் இருக்கும் மகன் ராஜதுரைக்கு, மலைமேல் அரியூர் நாட்டிலிருந்து அப்பா அப்பாசாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் மிளகுக் கொடியும் நலம். அங்கே நீயும் உன் வேலையும் நலமாக இருக்க அறப்பளீஸ்வரர் துணை. போனில் பேசினால் பாதியிலேயே "கேக்கலைங்கப்பா, சிக்னல் இல்லீங்க" என்கிறாய். கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். வியன்னாவில் உன் தங்கை சுமித்ராவின் குழந்தைக்கு அடுத்த மாதம் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நீ தூரம் என்று சொல்லிவிட்டாய். அவள் தினமும் போனில் அழுகிறாள். சரி, அந்தத் தூரத்தைத்தான் பார்த்துவிடுவோம் என்று உன் பழைய பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தை எடுத்து விரல் வைத்து அளந்தேன், சரியாக இரண்டு விரல் வந்தது, நம் மலைச் செம்மேட்டுக்கும் கீழே நாமக்கல்லுக்கும் நடுவே அதில் எறும்புக்கால் வைக்கக்கூட இடமில்லை, அதற்கே பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் ஆகிறதே, இரண்டு விரலுக்கு இரண்டு நாளாவது ஆகும் என்று கணக்குப் போட்டு, பாவம் பையன் என்று உன்னை மன்னித்து ஒரு கடிதமும் எழுதிவிட்டேன்.

அதைத் தபாலில் போடச் செம்மேடு போனபோது கம்ப்யூட்டர் கடை மாதேஸ்வரன் குறுக்கே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் கடைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆயிரத்து முப்பது கிலோமீட்டருங்க, விமானத்துல ரெண்டு மணி நேரமுங்க" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. "வளைவு எத்தனைப்பா?" என்று கேட்டேன். "ஆகாசத்துல ஏதுங்க வளைவு?" என்றான். எழுபது கொண்டை ஊசி வளைவில் உருண்டு வாந்தி எடுத்து நாமக்கல் போய்ச் சேருகிறவன் நான். நீ வளைவே இல்லாத வழியில், அதைவிடச் சீக்கிரம் போக வேண்டியவன். மன்னிப்புக் கடிதத்தை அங்கேயே கிழித்துவிட்டேன்.

ஆகவே டிக்கெட் போடு. சீர் எதுவும் வேண்டாம், மடியை மட்டும் கொண்டுபோ. எதற்கும் மூக்கில் வைத்துக்கொள்ள இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன். கூடப் பிறந்தவளைப் பார்க்கத் தூரம் சொல்கிறவன் மனுசனே இல்லை. பருவ மழை தவறாத மலை மாதிரி நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பாசாமி

பின்குறிப்பு: கடிதத்தை உன் அம்மா கண்ணாயி வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுக்கும்போது, "ஏனுங்க, குண்டூர் நாட்டுல உங்க தங்கச்சி ஊட்டுக்கு எத்தனை மணி நேரமுங்க?" என்று மட்டும் கேட்டாள். பஸ்ஸில் முக்கால் மணி. ஒரு பலா மரத் தகராறில் ஆறு வருஷமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக்கூட, "மூட்டு வலி, அவ்வளவு தூரம் முடியாது" என்று சொல்லியனுப்பிவிட்டேன். மேலே திட்டியதில் பாதியை எனக்கு எடுத்துக்கொண்டேன், மீதி உனக்கு. பார்சலில் எலுமிச்சம்பழத்தைத் தேடாதே. அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறேன். இந்த வழியில் வளைவு உண்டு.