கமிட்டி அன்ரியின் மந்திரி

தனி ஆளாகக் கூட்டம் கூட்டி, அந்தக் கூட்டத்தில் தானே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடித்து, கடைசியில் தன்னைத் தானே தோற்கடிக்கக்கூடிய மனிதப் பிறவி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மெல்பேர்னில், செயின்ட் கில்டாவில், எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தது.

கமிட்டி அன்ரி என்று பெயர் வைத்தவர் என் கணவர். எழுபதுகளில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து போய் இறங்கிய புதிது. அந்தத் தெருவில் பாதிப்பேர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள். அவர்களுடைய மண்டபத்தில் வாசிகசாலைக் கமிட்டி, பாட்டுக் கமிட்டி, பிக்னிக் கமிட்டி, ஞாயிறு வகுப்புக் கமிட்டி என்று ஏகப்பட்ட கமிட்டிகள். எல்லாவற்றுக்கும் தலைவி அன்ரி, செயலாளர் அன்ரி, எதிர்த்து வாக்குப் போடும் உறுப்பினரும் அன்ரி. "நேற்றுக் கூட்டத்தில சரியான எதிர்ப்பு, பிள்ளை," என்று களைத்துப்போய் வந்து சொல்லுவா. "ஆர் ஆர் வந்தவை அன்ரி?" என்று கேட்டால், "நான்தான்," என்பா.

அவ பேசியது ஆங்கிலம். அந்த ஆங்கிலம் போலந்திலிருந்து நடந்தே வந்தது போல இருக்கும். அதை அப்படியே எழுத என்னால் ஏலாது. எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

நாங்கள் பெட்டி படுக்கையோடு மாடிப்படி ஏறிய அன்றைக்கே ஒரு பானை சூப்போடு பின்னால் ஏறி வந்தா. எங்கள் பெயரைக் கேட்கவில்லை. "உம்மட மனுசன் பாடுவாரோ?" என்றுதான் கேட்டா. "குளிக்கேக்க பாடுவார்," என்றேன். அது போதும். அடுத்த புதன்கிழமை என் கணவர் பாட்டுக் குழுவின் பின்வரிசையில் நின்று, யிட்டிஷ் என்ற அவர்களுடைய பழைய வீட்டுமொழியில், ஒரு சொல்லும் விளங்காமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அந்த யிட்டிஷைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத்தான் ஞாயிறு வகுப்பு. பிள்ளைகளோ அவ யிட்டிஷில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவார்கள். வகுப்புக்கு வராமல் கட்டிலுக்கு அடியில் ஒளிப்பவர்களும் உண்டு. அதனால் அன்ரி தன்னுடைய பழைய ஹோல்டன் வண்டியை நடுத்தெருவில் ஓட்டிக்கொண்டு போய், வாசலில் கண்ட பிள்ளைகளை எல்லாம் அள்ளிப்போட்டுக்கொண்டு வருவா. அப்படி அள்ளியதில் மூலைக்கடைக் கிரேக்கருடைய பிள்ளைகளும் அகப்பட்டுவிட்டன. யாரும் கவனிப்பதற்குள் அந்த ஆண்டின் யிட்டிஷ் பாட்டுப் பரிசை ஒரு கிரேக்கப் பெடிச்சி வாங்கிவிட்டாள். தகப்பன் மண்டபத்துக்கு ஓடிவந்தார். "நல்ல குரல், விட்டிடாதேங்கோ," என்று அன்ரி அவருக்கும் ஒரு பானை சூப் கொடுத்து அனுப்பினா.

எல்லாவற்றிலும் பெரிய காரியம் பூரிம் பண்டிகை நாடகம். பழைய காலத்தில் ஒரு பொல்லாத மந்திரி யூதர்களை அடியோடு அழிக்கப் பார்த்தான், அவர்களுடைய பெண்ணே ராணியாக இருந்து காப்பாற்றினாள் என்பது கதை. அந்த மந்திரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அந்த வருடம் மந்திரி வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. முந்திய வருடம் அதைப் போட்ட ஒரு பல்வைத்தியரின் மகனைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அந்தப் பெயராலேயே கூப்பிட்டு, பாவம், பள்ளிக்கூடமே மாற்ற வேண்டியதாகிவிட்டது. எந்தத் தாயும் பிள்ளையைத் தரமாட்டேன் என்றுவிட்டாள். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்த இளம் மனேஜர், "மந்திரி இல்லாட்டில் நாடகம் வேண்டாம். இனி ஒவ்வொரு வருஷமும் வித்தை காட்டுற மஜிக்காரனைக் கூப்பிடுவம். பிள்ளையளுக்கு அதுதான் விருப்பம்," என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அன்ரி மேலே வந்தபோது கையில் சூப் இல்லை. கதிரையில் இருந்துகொண்டு, "நாடகம் போச்சு," என்றா. அவ வாயில் 'போச்சு' என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இவர் ஊரில கூத்தில கொடுங்கோல் ராசாவா ஆடி மெடல் வாங்கினவர்," என்று சொல்லிவிட்டேன். அன்ரி எழும்பி அவருடைய தோளை அளக்கத் தொடங்கினா.

என் கணவருக்குத் தலைகால் தெரியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. வந்து ஒரு வருடமாகியும் அவருடைய அலுவலகத்தில் அவரோடு ஒருவரும் பேசுவதில்லை. தேநீர் நேரத்தில் அவரைக் கடந்து போவார்கள், மேசையைக் கடந்து போவது போல. இப்போது ஒரு மண்டபம் நிறைந்த சனம் தன்னைப் பார்க்கப்போகிறது என்று அந்த மனிதர் இரவும் பகலும் வசனம் பாடமாக்கினார். கண்ணாடிக்கு முன்னால் மீசையை முறுக்கினார். எனக்குக் கறி கரிந்தது கூடத் தெரியவில்லை, வசனம் கேட்டுக் கேட்டு.

நாடகத்தன்று சரியான வெயில். அன்ரி தன் வீட்டு வெல்வெட் திரையை வெட்டித் தைத்த அங்கியும், கம்பளி நூலில் தாடியுமாக அவர் மேடைக்கு வந்தார். நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான்..." என்று மந்திரியின் பெயரைச் சொன்னார்.

மண்டபம் இடிந்து விழுந்தது என்று நினைத்தேன். கிழவர்கள் காலால் நிலத்தை உதைத்தார்கள். பிள்ளைகள் மரக் கிலுகிலுப்பையைச் சுழற்றிச் சுழற்றிக் கறகறவென்று அலறவிட்டார்கள். தகரம், சட்டி, விசில், ஊளை. இவர் சத்தம் அடங்கும்வரை நின்று, மறுபடி பெயரைச் சொன்னார். மறுபடியும் அதே கூத்து. பக்கத்திலிருந்த மனுசி என் கையில் ஒரு சட்டி மூடியைத் திணித்து, "அடி," என்றாள்.

"அவர் என்ர மனுசன்," என்றேன்.

"அப்பிடியெண்டால் இன்னும் பலமா அடி," என்றாள்.

மூன்றாம் முறை இவர் பேசவில்லை. அங்கியைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார். நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். தாடி ஒரு காதில் தொங்க, மனிதர் அங்கியைக் கழற்றப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெளிக்கிடும், வீட்டை போவம்," என்றார். "வேலை செய்யிற கந்தோரில எண்டாலும் வாய்க்குள்ள முணுமுணுப்பாங்கள். இவையள் கூட்டமா இருந்து ஊளையிடினம்."

அன்ரி வந்தா. "நீர் ஏன் இஞ்ச நிக்கிறீர்?"

"சனம் கூவுது."

"ஓம், கூவுது. அதுக்குத்தானே வந்தவை." பிறகுதான் அவவுக்கு விளங்கியது. அந்த மந்திரியின் பெயர் காதில் விழுந்தாலே அது கேட்காதபடி சத்தம் போட்டு அழிப்பது அவர்களுடைய வழக்கம். உலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும் என்று நினைத்து அவ எங்களுக்குச் சொல்லவே இல்லை.

"உம்மை இஞ்ச ஒருத்தரும் வெறுக்கேல்லை. அவனைத்தான் கூவினம்," என்றா. "சத்தம் கூடினால் ஆடினவன் கெட்டிக்காரன். போலந்தில எங்கட ஊரில இந்த வேஷம் தங்களுக்கு வேணுமெண்டு அடிபடுவினம். கடைசியா ஆடினது என்ர தம்பி, சின்னப் பெடியன். அவ்வளவு சத்தத்துக்கும் நடுவில சிரிப்பை அடக்கேலாமல் நிண்டவன். அதுக்குப் பிறகு அந்த ஊரில ஆடவும் ஆளில்லை, கூவவும் ஆளில்லை."

சொல்லிக்கொண்டே அவருடைய தாடியைச் சரிசெய்து, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டா. இவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேடைக்குத் திரும்பிப் போனார்.

போனவரை இறக்கத்தான் ஏலாமல் போயிற்று. தன் வசனத்தில் பெயரைச் சொன்னது போதாதென்று ராணியின் வசனத்துக்கு நடுவிலும் புகுந்து சொன்னார். கதவைத் தட்டி, "ஆரது?" என்று தானே கேட்டு, பெயரைத் தானே சொன்னார். சேவகன் இழுத்துக்கொண்டு போகையில் திரைக்குப் பின்னாலிருந்து கூத்து ராகத்தில் பாடினார். மஜிக்காரனைக் கூப்பிட இருந்த மனேஜர் தட்டிய தட்டில் முன்வரிசைக் கதிரை ஒன்று காலை இழந்தது. அதற்குப் பிறகு மஜிக்காரன் பேச்சே எழவில்லை. மூன்று மூலையாக மடித்துக் கசகசா வைத்துச் சுட்ட பணியாரத்தை அன்றைக்கு என் கணவருக்கு ஊட்டாத கிழவி இல்லை.

அதன் பிறகு வருடா வருடம் மந்திரி அவர்தான். சட்டி மூடியும் வருடா வருடம் என் கைக்கு வரும். நான் மட்டும் ஒருநாளும் தட்டியதில்லை. தாலி கட்டின மனுசனைப் பார்த்து எப்படித் தட்டுவது? "உமக்கு ரசனை இல்லை, பிள்ளை," என்று அன்ரி மனம் நொந்துகொள்ளுவா.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் சிட்னிக்கு, டூங்கபிக்கு வந்துவிட்டோம். அன்ரி விடவில்லை. ஒவ்வொரு வருடமும் பூரிம் நாளுக்கு வட்டம் போட்டு ஒரு கலண்டர் அனுப்புவா. அன்றைக்குப் பின்னேரம் தொலைபேசி அடிக்கும். எடுத்தால் ஹலோ கிடையாது. கறகறவென்று கிலுகிலுப்பைதான் கேட்கும். இவர் இங்கேயிருந்து தன் வசனத்தை முழங்குவார், மறுபடி கறகற. கடைசியில், "நல்லாச் சாப்பிடுறீரோ?" என்று ஒரு கேள்வி. இவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவா.

ஒரு வருடம், கலண்டர் வந்து சில வாரங்களில் அன்ரி போய்விட்டா. அவவின் மகள்தான் தொலைபேசி எடுத்துச் சொன்னா.

வட்டம் போட்ட நாள் வந்தது. தொலைபேசி அடிக்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் இவர் பின்னேரம் சவரம் செய்து, வெளுத்து மடித்த சேர்ட் போட்டுக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போயிற்று. நான் கூப்பிட்டேன், எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் சின்னக் குரலில், யாருக்கும் இல்லாமல், "நான்தான்..." என்று தொடங்கி அந்தப் பெயரைச் சொன்னார். வீடு சத்தமில்லாமல் இருந்தது.

நான் குசினிக்குள் போய் மா வைக்கும் தகரப் பேணியையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு வந்து, அவருக்கு முன்னால் நின்று, என் கை நோகும்வரை தட்டினேன்.